சமாதான் சேவை: ‘லேட் டெலிவரி’ என்று பில்லைப் பிடித்து வைக்கும் பார்ட்டியிடம் எவ்வளவு தூரம் செல்லும்?

திருப்பூரில் பிரிண்டிங், எம்பிராய்டரி, வாஷிங் என்று ஜாப் ஒர்க் (பிறர் தரும் துணியில் கூலிக்கு வேலை) பார்க்கும் யூனிட்டுகளின் பில் நின்றுபோகச் சொல்லப்படும் காரணங்களில் ‘லேட் டெலிவரி’க்கு எப்போதும் முதல் வரிசை. சரக்கு போய்ச் சேர்ந்து, தைத்து, பெட்டி கட்டி, ஏற்றுமதியும் ஆகியிருக்கும். பணம் கேட்கும்போதுதான் பார்ட்டியிடமிருந்து, அதாவது வேலை கொடுத்த ஏற்றுமதியாளரிடமிருந்து, டெபிட் நோட் (பில்லில் பிடித்தம் செய்யும் தாள்) வரும்: “லாட் லேட்டாக வந்தது, ஏர் ஃபிரைட் (விமானச் சரக்குக் கட்டணம்) உங்கள் கணக்கில்.” அந்த இடத்தில் சிறு யூனிட் போய் நிற்கக்கூடிய அரசுச் சேவை சமாதான். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தின்கீழ் நிலுவைத் தொகையை வசூலிக்க, 2017 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இணையவழி ஏற்பாடு இது. 2025 ஜூன் 27 அன்று ஓடிஆர் (இணையவழித் தகராறு தீர்வு) என்ற அடுத்த தளமும் வந்துவிட்டதால் புது மனுவை அங்கிருந்து தொடங்க வேண்டும். எந்தத் தளத்தில் போட்டாலும் மனு கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: இந்த நிலுவைத் தகராறுகளை விசாரிக்க மாநில அரசு அமைத்திருக்கும் வசதியாக்கக் கவுன்சில். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு கவுன்சில்கள் இருக்கின்றன. திருப்பூர் யூனிட் கோவைக்குப் போகும்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ‘சரக்கு வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுக்கிறார்’ என்ற வழக்குக்கு, சிறு தொழிலுக்கு இதைவிட வலுவான சேவை நாட்டில் இல்லை. ‘லேட் ஆனதால் பிடித்தம் செய்தேன்’ என்று பார்ட்டி எதிர்வாதம் வைக்கும் வழக்கில், உங்கள் ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் இது வேலை செய்யும். சரக்கு இறங்கிய முதல் 15 நாளில் நீங்களும் பார்ட்டியும் எழுதியதும் எழுதாமல் விட்டதும்தான் அந்த வழக்கின் பாதி. மனுவை எவ்வளவு அழகாக எழுதினாலும் அதைப் பின்னால் போய் மாற்ற முடியாது.

யாருக்குக் கதவு திறக்கும்

சட்டம் ‘சப்ளையர்’ என்று சொல்வது குறு, சிறு நிறுவனங்களை மட்டும். நடுத்தர நிறுவனத்துக்கு உத்யம் சான்றிதழ் (அரசின் எம்எஸ்எம்இ பதிவு) இருந்தாலும் இந்தப் பாதை இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனம் என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுவரவு 10 கோடிக்குள். சிறு நிறுவனம் என்றால் முதலீடு 25 கோடி, விற்றுவரவு 100 கோடிக்குள். திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். உற்பத்தியும் சேவையும் செல்லும். ஜாப் ஒர்க்கும் செல்லும். வாங்கி விற்கும் டிரேடருக்குச் செல்லாது. 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பயனுக்காக. நூல் டிரேடர்களும் ஆக்சஸரீஸ் டிரேடர்களும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மனு போட்டுத் திரும்பி வருவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் தேதி. பிஓ (பார்ட்டி தரும் ஆர்டர் தாள்) வந்த நாளில் உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும், பிறகு வாங்கிய பதிவு பழைய ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கில் இன்னொரு அமர்வு இதை மாற்றிப் பார்த்து, பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பதிவு இல்லாதவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள், கட்டணம் எதுவும் கிடையாது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் டிசியிலும் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) அச்சடியுங்கள். “நீங்கள் எம்எஸ்எம்இ என்றே எனக்குத் தெரியாது” என்ற பதிலுக்கு அதற்குப்பின் இடமில்லை.

பதினைந்து நாள்

சட்டத்தில் ‘ஏற்றுக்கொண்ட நாள்’ என்று ஒன்று இருக்கிறது. சரக்கு டெலிவரி ஆன 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆட்சேபம் வந்தால், அதை நீங்கள் சரிசெய்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். பணம் தரவேண்டிய கெடு அதிலிருந்து ஓடத் தொடங்கும். எழுதிய ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். எழுதியிருந்தால் அதில் சொன்ன தேதி, ஆனால் எக்காரணம் கொண்டும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. பிஓவில் 90 நாள் கிரெடிட் என்று அச்சடித்திருந்தாலும், 45-ஆம் நாளுக்குப் பிறகு வட்டி ஓடும்.

அந்த வட்டியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 ஜூன் 6 அன்று பேங்க் ரேட் 5.75 சதவீதமானது; மும்மடங்கு 17.25. ஐந்து லட்சம் ரூபாய் பில்லுக்கு அந்த விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ரூ.21,874, ஆறு மாதத்துக்கு ரூ.44,705, ஓர் ஆண்டுக்கு ரூ.93,407. பேங்க் ரேட் மாறும்போது கணக்கும் மாறும் என்பதால், மனு போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்து அட்டவணையைப் போடுங்கள். பார்ட்டி இந்த வட்டியைக் கட்டினாலும் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது.

இனி தாமதம். சரக்கை வாங்கிக்கொண்ட பிறகு ‘லேட்’ என்று சொல்வதற்குச் சட்டத்தில் என்ன எடை? இங்கேதான் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும். நேரம்தான் உயிர் என்று வைத்துப் போட்ட ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த வேலையை ஒருவர் வாங்கிக்கொண்டால், வாங்கும்போதே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவிப்புக் கொடுத்திருந்தால் ஒழிய, அந்தத் தாமதத்துக்காக அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுமதியாளர் “நேரம் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்” என்று வாதாடினால், உடனே எழும் கேள்வி: சரக்கு இறங்கிய அன்று அறிவிப்புக் கொடுத்தீர்களா? “நேரம் அவ்வளவு முக்கியமில்லை” என்று அவர் மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு ரூபாய் நஷ்டத்தையும் 73-ஆம் பிரிவின்படி நிரூபிக்க வேண்டும். அதிலும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த வகை நஷ்டம்தான் எண்ணிக்கையில் வரும். கப்பல் கட் ஆஃப் தேதி (கப்பலுக்குச் சரக்கைச் சேர்க்க வேண்டிய கடைசி நாள்) பிஓவில் இல்லை, மெயிலில் இல்லை என்றால், ஏர் ஃபிரைட்டை உங்கள் தலையில் வைப்பது அவருக்குக் கடினம்.

பிஓவிலேயே அபராத விதி இருந்தால் நிலைமை வேறு. ‘வாரத்துக்கு 0.5 சதவீதம், உச்சம் 5 சதவீதம்’ என்பது பொதுத்துறை, பெரிய கம்பெனி ஆர்டர்களில் வழக்கமாகக் காணும் வாசகம். 74-ஆம் பிரிவின்படி அந்த உச்சம் கூரை. ஐந்து லட்சம் பில்லில் ரூ.25,000-க்கு மேல் பிடிக்க முடியாது. அந்தத் தொகையும் தானாகக் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடாக இருக்க வேண்டும். பிஓவைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம்தான் இந்த விதியை இவ்வளவு ஆபத்தானதாக ஆக்குகிறது. ‘துணி முழுமையாக வந்து, ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்) ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து நாள் எண்ணப்படும்’ என்ற ஒரே ஒரு வரியைப் பிஓ ஒப்புதல் மெயிலில் சேர்த்துவிட்டால், பாதிச் சண்டை வராது.

வாட்ஸ்அப்பில் வந்த ஆட்சேபம் ‘எழுத்துமூலம்’தானா என்று கேட்பார்கள். ஆம். மின்னணுப் பதிவு எழுத்துக்குச் சமம் என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. அதனால் மெர்ச்சண்டைசர் (பார்ட்டியிடம் ஆர்டரைக் கவனிப்பவர்) “ஏன் லேட்?” என்று போட்டதை அலட்சியமாக விடாதீர்கள். அன்றைக்கே, துணி எந்தத் தேதியில் வந்தது, ஒப்புதல் எந்தத் தேதியில் வந்தது என்று அதே திரையில் பதில் எழுதுங்கள். பின்னால் இதைச் சாட்சியமாகக் காட்ட 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதற்கு முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருப்பது பலவீனம்.

நாள் கணக்கு

தாமத வழக்கில் கவுன்சில் முதலில் தேடுவது ஒரு தாளில் போட்ட தேதி அட்டவணையை. அதில் இருக்க வேண்டியவை: பிஓ தேதி, துணி அல்லது கட் பீஸ் (வெட்டிய துணி) வந்த ஒவ்வொரு டிசியின் எண்ணும் தேதியும் எண்ணிக்கையும், ஸ்ட்ரைக் ஆஃப் கொடுத்த நாள், ஷேட் மாற்றச் சொன்ன நாள், கடைசி ஒப்புதல், லாட் லாட்டாகத் திருப்பி அனுப்பிய டிசிகள், பார்ட்டியின் கேட் சீல் அல்லது ஸ்டோர் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான காகிதத்தின் பக்க எண்.

பெரும்பாலான ஃபைல்கள் உடைவது கேட் சீலில். டிரைவர் சரக்கை இறக்கிவிட்டு டிசி நகலை வெறுமையாகக் கொண்டுவருவார். ஸ்டோரில் மறுநாள் எழுதிக்கொள்வார்கள். பார்ட்டியின் ரிஜிஸ்டரில் தேதி இரண்டு நாள் தள்ளி விழும். அந்த இரண்டு நாளே பிறகு ‘லேட்’ ஆகிவிடும். டிசி நகலில் சீலும் நேரமும் இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது என்பதை டிரைவருக்கு விதியாகவே சொல்லிவிட வேண்டும்.

உங்களிடம் காகிதம் குறைந்தால், பார்ட்டி அரசுக்குக் கொடுத்த கணக்குகளிலேயே உங்களுக்குச் சாட்சி இருக்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய, திரும்பப் பெற்ற சரக்கின் டிசி விவரங்களை ஏற்றுமதியாளர் ஜிஎஸ்டியில் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். அந்தப் பக்கங்களைக் கவுன்சிலில் கேட்டு வாங்கலாம். வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்தக் கணக்கை (26ஏஎஸ்) எடுத்துப் பாருங்கள். முழு பில்லுக்கும் டிடிஎஸ் (மூலத்தில் பிடிக்கும் வரி) பிடித்திருந்தால், முழு பில்லையும் அவர் தன் கணக்கில் ஏற்றிவிட்டார் என்று பொருள். ஜிஎஸ்டி தளத்தின் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் உங்கள் பில்லை அவர் ‘அக்செப்ட்’ செய்தாரா, ‘ரிஜெக்ட்’ செய்தாரா என்பதும் உங்கள் பக்கத்தில் தெரியும். பார்ட்டி கம்பெனியாக இருந்தால், 45 நாள் தாண்டிய குறு, சிறு நிறுவன நிலுவைகளையும் தாமதத்துக்கான காரணத்தையும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் தகராறு என்று எழுதாதவர், கவுன்சில் முன்னால் மட்டும் தகராறு என்று சொன்னால் எடுபடாது.

பிடித்தம் நியாயமா என்று பார்ப்பது எப்படி

ஏர் ஃபிரைட் டெபிட் நோட் வந்தால் கோபப்படுவதற்கு முன்னால் நான்கு காகிதம் கேளுங்கள்: ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது), ஃபிரைட் ஏஜென்டின் பில், ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்கான ஏற்றுமதிப் படிவம்), வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்ட மாற்றத்தின் மெயில். இந்த நான்கும் இல்லாத டெபிட் நோட் வெறும் தாள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏர் ஃபிரைட் ரூ.2,40,000 என்று பில் வருகிறது. கப்பலில் போயிருந்தாலும் ரூ.20,000 ஆகியிருக்கும்; ஆகவே கூடுதல் செலவு ரூ.2,20,000. அந்த ஷிப்மெண்டில் நீங்கள் பிரிண்ட் அடித்த பீஸ்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ரூ.73,333. மொத்தம் ஒன்பது நாள் தாமதத்தில் துணி வராததும் ஒப்புதல் வராததும் ஆறு நாள், உங்கள் மெஷின் நின்றது மூன்று நாள் என்றால், உங்கள் பங்கு ரூ.24,444. சட்டம் இப்படி ஒரு சூத்திரத்தை எழுதி வைக்கவில்லை. பேச்சுக்கும் சமரசத்துக்கும் இதைவிட நேர்மையான தொடக்கம் கிடையாது என்பதால் பரிந்துரைக்கிறோம். உங்கள் தவறு மூன்று நாள் என்றால் அந்த மூன்று நாளை ஒப்புக்கொள்ளுங்கள். ஒன்றுமே தவறில்லை என்று நிற்கிற யூனிட்டைக் கவுன்சில் உறுப்பினர்கள் நம்புவதில்லை. அவர்களில் தொழில் சங்கத்தாரும் வங்கிக்காரரும் இருப்பார்கள், பட்டறை எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜிஎஸ்டியில் செய்யும் தவறு தனி நஷ்டம். பார்ட்டி அனுப்பும் டெபிட் நோட்டால் உங்கள் வரிப் பொறுப்பு குறையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவில் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் தாள்) போடும் உரிமை சப்ளையருக்கு மட்டும்தான் உண்டு. பிடித்தம் தாமதத்துக்கான அபராதமாக இருந்தால், 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கைப்படி அதற்கு ஜிஎஸ்டி இல்லை. பில் தொகை அப்படியே நிற்கும், நீங்கள் கட்டிய வரியும் நிற்கும். மாறாக, விலையையே குறைப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், வரியுடன் கிரெடிட் நோட் போடலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் போட வேண்டும், பார்ட்டி தன் உள்ளீட்டு வரியை (உங்கள் பில்லின் ஜிஎஸ்டிக்கு எடுத்த வரவு) அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். எந்த வழி என்று பேச்சிலேயே முடிவு செய்யாவிட்டால், பார்ட்டி ஒரு கணக்கும் நீங்கள் ஒரு கணக்கும் எழுதி, வருஷக் கடைசியில் லெட்ஜர் ஒத்துப்போகாது.

மனுவுக்கு முன்னால் ஒரு கடிதம்

கவுன்சிலுக்குப் போகாமலே தீரும் வழக்குகள் இந்தக் கடிதத்தில்தான் தீர்கின்றன. அக்கவுண்டண்ட், மெர்ச்சண்டைசர், முதலாளி மூவருக்கும் மெயில்; ஒரு நகல் ரிஜிஸ்டர்டு போஸ்ட்டில். நடை மரியாதையாக, எண்கள் கறாராக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு:

“ஐயா, வணக்கம். எங்கள் பில் எண் —, தேதி —, தொகை ரூ.5,00,000. சரக்கு டிசி எண் — மூலம் — அன்று தங்கள் ஸ்டோரில் பெறப்பட்டது. பெற்ற 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. — தேதியிட்ட தங்கள் டெபிட் நோட்டில் கூறியுள்ள தாமதம் குறித்துத் தேதி விவரம் இணைத்துள்ளோம். ஏர்வே பில், ஃபிரைட் பில், ஷிப்பிங் பில் நகல்களை 7 நாளுக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். டெபிட் நோட்டில் வராத மீதித் தொகையில் கருத்து வேறுபாடு இல்லை என்பதால் அதை உடனே செலுத்தவும். கெடு கடந்த தொகைக்கு எம்எஸ்எம்இ சட்டம் 16-ஆம் பிரிவின்படி வட்டி உண்டு. எங்கள் உத்யம் எண் —.”

தகராறு இல்லாத தொகையைப் பிரித்துக் கேட்பதுதான் இதன் உயிர்நாடி. ரூ.1,80,000 டெபிட் நோட்டுக்காக ஐந்து லட்சத்தையும் நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல முடியாது, மீதி ரூ.3,20,000 வந்துவிட்டால் உங்கள் கூலி, சாயம், பேஸ்ட் செலவு ஓடிவிடும், மீதிக்கு நிதானமாகப் பேசலாம்.

கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டாத, ஆனால் பார்ட்டியின் ஆடிட்டருக்குத் தெரியவேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியுடன் திருப்ப வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் தொகை, கொடுத்த ஆண்டில்தான் செலவாக ஏற்கப்படும். இது 2023 நிதிச் சட்டம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதி. பிப்ரவரி, மார்ச்சில் ஆடிட்டரே முதலாளியிடம் “இதைக் கொடுத்து முடியுங்கள்” என்று சொல்வதற்கு இவைதான் காரணம். கடிதம் அனுப்பும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், ஜனவரி கடைசி.

மார்ச் 31-க்குள் பணம் வருகிறது என்பதற்காக ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை’ என்ற தாளில் பணம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் கவுன்சிலில் உங்கள் வழக்கை முடித்துவிடும்.

மனுவும் கவுன்சிலும்

உத்யம் எண்ணும் அதோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபியும் இருந்தால் உள்ளே போகலாம். பழைய அக்கவுண்டண்டின் எண்ணில் பதிவு இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இதிலேயே மனுக்கள் தேங்குகின்றன. பிஓ எண்ணும் தேதியும், ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக எண், தேதி, தொகை, வந்த தொகை, மீதி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். பார்ட்டியின் பெயரை ஜிஎஸ்டி பதிவில் இருக்கிறபடி எழுதுங்கள். போர்டில் இருக்கும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு என்பது திருப்பூரில் சகஜம். தவறான பெயரில் கிடைக்கும் உத்தரவை நிறைவேற்ற முடியாது. மின்னஞ்சல் முகவரி செத்த முகவரியாக இருந்தால் அறிவிப்பு போய்ச் சேராது.

இணைப்புகளில் பிஓ, பில், டிசி, தேதி அட்டவணை, வட்டிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, டெபிட் நோட், லெட்ஜர் நகல் எல்லாம் இருக்கட்டும். டெபிட் நோட்டை மறைப்பது பெரிய தவறு. பார்ட்டி முதல் நாளே அதைக் காட்டுவார். மறைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும்.

கவுன்சில் முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால் நடுவர் விசாரணை. இரண்டும் வேறு வேறு கட்டங்கள் என்பதை மறக்கக் கூடாது. சமரசம் முறிந்த கையோடு விசாரணை நடத்தாமல் நேராகப் பணம் கட்டு என்று போட்ட உத்தரவு செல்லாது என்று 2021 டிசம்பரில் ஜார்க்கண்ட் ஊர்ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சீக்கிரம் உத்தரவு வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விசாரணைக் கட்டத்தில் கோரிக்கை மனு, பதில், சாட்சியம் எல்லாம் முறையாக நடந்து முடியட்டும்.

தாமத வழக்குக்கு மிக முக்கியமான தீர்ப்பு 2021 ஜூனில் வந்த சில்பி இண்டஸ்ட்ரீஸ். வாங்குபவர் இதே கவுன்சிலிலேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. அதாவது ஏர் ஃபிரைட் கணக்கை நீங்கள் போட்ட மனுவுக்குள்ளேயே அவர் கொண்டுவர முடியும். உங்கள் தாமதம் உண்மையிலேயே பெரியது, அபராத விதியும் பிஓவில் இருக்கிறது, டெலிவரி அன்றே அறிவிப்பும் வந்தது என்றால், இந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். மூன்று ஆண்டு காலவரம்பு நடுவர் கட்டத்துக்குப் பொருந்தும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது; பழைய பில்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சேவையின் குறை என்ன என்றால், வேகம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு நடைமுறையில் காப்பாற்றப்படுவதில்லை. அமர்வுகளுக்கு இடையே இடைவெளி விழும், பார்ட்டி வாய்தா கேட்பார், மாற்றப்பட்ட அதிகாரிக்கு வழக்கை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். தொழிலாளர் கூலிக்கு அடுத்த வாரம் பணம் வேண்டும் என்ற யூனிட்டுக்கு இது மருந்தல்ல. இந்தக் குறைக்காக மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும்.

பலம் வேறு இடத்தில் இருக்கிறது. விசாரணை நடப்பது உங்கள் ஊர்ப் பக்கத்தில். சட்டத்தின் 18(4) சப்ளையர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. டெல்லி பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வாங்கும் நிறுவனம்) ஆனாலும் கோவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், பிஓவில் ‘டெல்லி நீதிமன்றம் மட்டும்’ என்று எழுதியிருந்தாலும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் பார்ட்டி, 19-ஆம் பிரிவின்படி தொகையில் 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இழுத்தடிப்பதையே வழக்கமாக வைத்திருக்கும் பார்ட்டிகள் சமரச மேசைக்கு வருவது இந்த 75 சதவீதத்துக்குப் பயந்துதான். அதைத் தவிர்க்க ரிட் மனுவுடன் உயர் நீதிமன்றம் போகலாமா என்ற கேள்வி 2025 ஜனவரியில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் வழக்கில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வணிக நீதிமன்றம் போகலாம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் முன்னதாக மத்தியஸ்தம் கட்டாயம், நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 3 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு ரூ.15,000, வக்கீல் செலவு தனி. டிரேடர்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இதுதான் வழி. டிரெட்ஸ் தளங்கள் (பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளங்கள்), அதாவது ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை வேகத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் பார்ட்டி பில்லை ஒப்புக்கொண்டால்தான் பணம் வரும். தகராறு வந்த பிறகு அங்கே போய்ப் பயனில்லை. அடுத்த ஆர்டருக்கு முன்பே நிபந்தனையாகக் கேளுங்கள். திவால் சட்டத்தில் மனு போடக் குறைந்தபட்ச வரம்பு ஒரு கோடி. அதைத் தாண்டினாலும், நோட்டீசுக்கு முன்பே தகராறு இருந்ததற்கு ஒரு மெயில் காட்டினால் மனு விழுந்துவிடும். லேட் டெலிவரி வழக்குக்கு அது பொருந்தாத கருவி.

சமரசத்தில் தொகை ஒத்துவந்தால், தவணை தேதிகள், டிடிஎஸ், கிரெடிட் நோட் எந்த வகை, ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் 16-ஆம் பிரிவு வட்டியும் உடனே கட்ட வேண்டும் என்ற விதி நான்கையும் எழுதிக் கவுன்சில் பதிவில் ஏற்றுங்கள். வட்டியை விட்டுக்கொடுத்து அசலை முப்பது நாளில் வாங்குவது பல யூனிட்டுகளுக்கு நல்ல பேரம். சமரசம் முறிந்து நடுவர் தீர்ப்பு வந்தால், அதை எதிர்க்கப் பார்ட்டிக்கு மூன்று மாதமும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாளும் உண்டு. அது கழிந்தும் பணம் வரவில்லை என்றால், தீர்ப்பின் சான்றிட்ட நகலுடன் நிறைவேற்று மனுவை நீதிமன்றத்தில் போட வேண்டும். கவுன்சிலே வசூலித்துத் தராது. பார்ட்டியின் வங்கிக் கணக்கு எண், வங்கிக் கிளை, சொத்து விவரங்களை அந்த மனுவில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பழைய காசோலைகளின் நகலையும் ஆர்டிஜிஎஸ் ரசீதுகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அவை கையிலேயே இருக்கும்.